ரோவர் அனுப்பிய படம்

பிற்பகல் 2.40. திரையில் ஏழாம் கம்பத்தின் புள்ளி சிவப்பாக மாறியிருந்தது.

கோவில்பட்டியை அடுத்த காப்புக்காட்டுக் குன்றைச் சுற்றிப் பதினொரு கம்பங்களில் புகை, வெப்ப சென்சார்கள் வைத்திருந்தோம். ஒரு கம்பம் சிவந்தால், ரோவர் என்ற சிறு சக்கர வண்டி தானே அங்கே ஓடிப் படம் எடுத்து அனுப்பும். படம் வந்த பிறகே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும்.

இந்த விதி முதலில் கிடையாது. மாசியில் யாரோ புஞ்சையில் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திக் குச்சிகள், எரித்த புகைக்குத் தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிட்டோம். "மிஷினுக்குத்தான் தெரியாது. ஒங்களுக்குமா அண்ணாச்சி பருத்திமாரு பொகை தெரியல?" என்றார் வண்டியில் வந்தவர். மறுநாளே எங்கள் மேனேஜர் விதியை எழுதினார்.

இந்த வேலைக்கு வருமுன் நான் நூற்பாலையில் இருபத்தாறு வருடம் எலக்ட்ரீஷியன். அங்கே பஞ்சு போகும் குழாயில் பொறி தெரிந்தால் ஸ்பார்க் டிடெக்டர் மிஷினை உடனே நிறுத்திவிடும். பொறி உண்மையா என்று பிறகுதான் பார்ப்போம். இதை மேனேஜரிடம் நான் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

2.46க்கு ரோவர் நின்றுவிட்டது. கோடையில் கரிசல் முழங்கால் ஆழத்துக்கு வெடிக்கும். அதில் முன்சக்கரம் இறங்கிவிட்டது.

2.50க்கு மாடசாமி போன் செய்தார். குன்றடியில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர். ரோவர் வந்த முதல் நாள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க கெடா தாண்டாத வெடிப்ப இது தாண்டிருமாக்கும்" என்று சிரித்தவர்.

"அண்ணாச்சி, ஏழாங்கம்பத்துப் பக்கம் தீ ஏறுது. நான் மந்தையத் தண்ணிக்குப் பத்திட்டு வந்து கம்மாயில நிக்கேன். குட்டிய பூராவும் குடாப்புக்குள்ள கெடக்கு. யாரையாவது போயித் தூக்கிவிடச் சொல்லுங்க."

குடாப்பு, பனையோலையில் முடைந்த கூண்டு. மந்தை மேயப் போகும்போது குட்டிகளை அதற்குள் கவிழ்த்துவைப்பார்கள்.

மேனேஜரிடம் சொன்னேன்.

"படம் வந்துச்சா அண்ணாச்சி?"

"ரோவர் வெடிப்புல கெடக்கு சார். ஆளு கண்ணால பாத்துச் சொல்லுதாரு."

"பருத்திமாரப் பாத்திருப்பாரு. இன்னொரு தடவ ஏச்சு வாங்க என்னால முடியாது. நீங்க போயி ரோவரத் தூக்கிவிடுங்க."

போனேன். பைக்கில் பதினெட்டு நிமிடம். ரோவர் கிடந்த இடத்திலிருந்து குடாப்புகள் மூன்றும் முன்னூறு அடி தூரத்தில் இருந்தன. தீ அவற்றுக்கு அப்பால் காய்ந்த புல்லில் இருந்தது. நான் ரோவரைத் தூக்கினேன். அது ரீஸ்டார்ட் ஆகி, திரும்பி, படம் அனுப்ப நான்கு நிமிடம் ஆனது. பக்கத்தில் நின்று அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் போனதும் காற்று குடாப்புகள் பக்கம் திரும்பியது. ஓலை எரிய நேரம் ஆகவில்லை. உள்ளே இருபத்தேழு குட்டிகள்.

மாடசாமி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னையும் ரோவரையும் பார்த்தார்.

"நீங்க இங்கனயேதான் நின்னீங்களா, அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். விதி எழுதியவர் அந்த இடத்தில் இல்லை, நான் இருந்தேன். எதைத் தூக்கப் போகிறோம் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படம் தெளிவாக வந்திருந்தது. நிறுவனம் அடுத்து அச்சிட்ட விளம்பரத் தாளின் முகப்பில் அதைத்தான் போட்டார்கள். இடது ஓரத்தில் மூன்று குடாப்புகளும் தெரிகின்றன.