கடைசிப் பத்தியில் கிடந்த கம்பி

ஒரு விபத்து அறிக்கையை நீங்கள் எப்போதாவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா? படித்திருந்தால் ஒன்று சொல்லுங்கள். முதல் வரியில் யார் இருந்தார்? அடிபட்டவர்தானே? அவர் வேலைக்கு வந்தார், இன்ன இடத்தில் நின்றார், கையை நீட்டினார். இயந்திரம் என்ன நிலையில் இருந்தது, அதை அந்த நிலையில் விட்டு வைத்தவர் யார் என்று தேடிப் பார்த்ததுண்டா?

தேடாதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தேடத் தோன்றக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதுகிறார்கள். அப்படி எழுதுவதில் கைதேர்ந்த ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைகளின் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெரிய சலவை ஆலை அது. அங்கே அவளை எல்லோரும் ‘ரிப்போர்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் ஒரு காலத்தில் கீழ்த்தளத்தில் துணி மடித்தவள்தான். பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்கில் கிடந்தபோது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்பாள். ஒருநாள் அவள் அரைப் பக்கத்தில் ஒரு மனு எழுதினாள். முதல் வரியிலேயே தாழ்ப்பாள் இருந்தது. இரண்டாவது வரியில் அதனால் வீணாகும் வேலை நேரம். மூன்றாவதில் புதுத் தாழ்ப்பாள் போட ஆகும் செலவு. அந்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. மறு மாதம் அவளையே மாடி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டார் மேனேஜர். இப்படி எழுதத் தெரிந்தவளைக் கீழே விட்டுவைப்பது ஆபத்து என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மாடிக்குப் போன புதிதில் அறிக்கை எழுதும் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் பலகையில் எழுதிப்போட்டார்: நடந்ததை நடந்த வரிசையில் சொல்லலாம். காரணத்தைச் சொல்லி விளைவுக்கு வரலாம். இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடலாம். சிக்கலைச் சொல்லித் தீர்வைச் சொல்லலாம். எது முக்கியமோ அதை முதலில் வைத்து மற்றதைப் பின்னால் தள்ளலாம்.

“புரியுதா?” என்று கேட்டார்.

“அழுக்குத் துணி பிரிக்கிற மாதிரிங்க சார்” என்றாள் அவள். “ஒரே குவியல்தான். எந்த இடத்துல இருந்து வந்ததுன்னு பார்த்துப் பிரிச்சா ஒரு மாதிரி இருக்கும். கறையைப் பார்த்துப் பிரிச்சா வேற மாதிரி இருக்கும். துணி என்னவோ அதே துணிதான்.”

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அன்று அங்கே இருந்தவர்களில் அவளுக்குத்தான் விஷயம் முழுதாகப் புரிந்திருந்தது. இத்தனை புரிந்தும் அவள் செய்ததைச் செய்தாள் என்பதுதான் இதில் கேவலமான பகுதி.

“நம்ம விபத்து ரிப்போர்ட்டுக்கு நேர வரிசைதான் சரி” என்றார் மேனேஜர், பயிற்சி முடித்துத் திரும்பியவளிடம். “அதுல யாரும் யாரையும் குத்தம் சொல்ற வேலை இல்ல. கடிகாரம் சொல்றதை நாம எழுதுறோம், அவ்வளவுதான்.”

கடிகாரம் பொய் சொல்வதில்லை, வாஸ்தவம். ஆனால் கடிகாரத்தை எந்த நேரத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது என்பதைக் கடிகாரமா முடிவு செய்கிறது? ரிப்போர்ட் அக்காவின் அறிக்கைகளில் காலம் எப்போதும் தொழிலாளியின் கையிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன் நடந்ததெல்லாம் ‘பிற குறிப்புகள்’ என்ற தலைப்பின்கீழ் கடைசிப் பத்திக்குப் போய்விடும். எதையும் அவள் மறைத்ததில்லை. பொய்யாக ஒரு சொல் எழுதியதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறைய இருந்தது.

“நீங்க எழுதினா படிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி வராதும்மா” என்பார் மேனேஜர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொல்வாள்.

இனி அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈர விரிப்பை உள்ளே இழுத்துச் சூட்டில் உலர்த்தித் தேய்த்துத் தள்ளும் பெரிய உருளை இயந்திரம் அந்த ஆலையில் இருந்தது. உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. விரல் அதில் பட்டால் உருளை நின்றுவிடும். ஆனால் அதன் சுருள்வில் தேய்ந்துபோய்விட்டதால், தடிமனான போர்வை உரசினால்கூட இயந்திரம் நின்றது. நிற்க நிற்க ஈரத் துணி மலையாய்க் குவியும். அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்துக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். அதற்குக் கீழ்த்தளத்தில் ‘கம்பியைத் தூங்க வைப்பது’ என்று பெயர். தினமும் காலையில் மேனேஜர் ஒரு சுற்று வரும்போது, “என்னம்மா, கம்பி தூங்கியாச்சா?” என்று கேட்பார். “குறட்டையே விடுது சார்” என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ரிப்போர்ட் அக்காவும் மடிப்பு மேசையில் இருந்த காலத்தில் சிரித்தவள்தான், கட்டியவளும்தான்.

அந்த உருளைதான் ஒரு நாள் காலை அவளுடைய நாத்தனாரின் வலது கையை இழுத்துக்கொண்டது.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. புகுந்த வீட்டில் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்ததே ரிப்போர்ட் அக்காதான். சம்பளம் வரத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெண் வீட்டில் வாய்விட்டுப் பேசவே ஆரம்பித்தாள். அண்ணன் வீட்டுச் சோறு தொண்டையில் நிற்காமல் இறங்குகிறது என்றால் அது அந்த வேலையால்தான். கவனக்குறைவு என்று முடிவானால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். ஆலையின் வழக்கம் அது.

“சொந்தக்காரங்க விஷயம். வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?” என்று கேட்டார் மேனேஜர். பிறகு அவரே, “வேண்டாம். நீங்க பாரபட்சம் பார்க்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா” என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. சொந்தக்காரி என்பதால் சாதகமாக எழுதினாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்ற பயத்தில், வேறு எவருக்கும் எழுதாத கறாரோடு அவள் அதை எழுதினாள். பணியாளர் இயந்திரத்தின் முன் நின்றிருந்தார். விரிப்பின் ஓரம் மடங்கியது. சரிசெய்யக் கையை உள்ளே நீட்டினார். கை சிக்கியது. வழக்கம்போல் நேர வரிசை, வழக்கம்போல் தெளிவு. கம்பி கடைசிப் பத்தியில் கிடந்தது. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தபோது, நன்றாக வந்திருப்பதாகக்கூட நினைத்தாள்.

வீட்டில் நாத்தனார் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் சோறு பிசைந்து ஊட்டினாள்.

“இனி உங்ககூடச் சண்டைன்னா வாய் மட்டும்தான் அண்ணி. கையை ஓங்க முடியாது.”

“வாய் ஒண்ணே போதும்டி உனக்கு. சாப்பிடு.”

“விசாரணைன்னு சொல்றாங்களே. என்னைத் தூக்கிடுவாங்களா?”

இவள் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

நாத்தனாரே சொன்னாள். “எழுதுறது நீங்கதானே. எனக்கென்ன பயம்.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணன்காரன் திரும்பிப் பார்த்து, “அதான, வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கு” என்றான். இவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணை மாடியிலிருந்த நீளமான அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மேனேஜர். எதிரே நாத்தனார், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. எழுதியவளே படிக்க வேண்டும் என்பது முறை. ரிப்போர்ட் அக்கா நின்றுகொண்டு படித்தாள்.

இத்தனை வருடத்தில் அடிபட்டவரை எதிரே வைத்துக்கொண்டு அவள் படித்ததே இல்லை. மற்றவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், அல்லது கூப்பிட்டும் வரவில்லை. இன்று ஒவ்வொரு வரிக்கும் நாத்தனார் தலையாட்டிக்கொண்டே வந்தாள். நின்றேன், ஆமாம். மடங்கியது, ஆமாம். கையை நீட்டினேன், ஆமாம். கடைசிப் பத்தி வருவதற்குள் அவள் முகம் தொங்கிப்போயிற்று.

“நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று அதிகாரி அம்மாள் கேட்டார்.

“என்னத்தைச் சொல்றதுங்க. அண்ணி படிச்சது எல்லாமே நடந்ததுதான். நான்தான் பார்த்து வேலை செஞ்சிருக்கணும்” என்றாள் நாத்தனார்.

ரிப்போர்ட் அக்கா நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். நேற்றுவரை ‘அந்தப் பாழாப்போன கம்பியை மட்டும் கட்டாம விட்டிருந்தா’ என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தவள் இவள். தன்னைக் கடித்த இயந்திரத்தை மறந்து, தன்னையே குற்றவாளியாக ஒப்புக்கொள்ள ஒரு பக்கம் எழுத்து போதுமானதாக இருந்திருக்கிறது. படிப்பவருக்குக் கேள்வி வராது என்றார்களே, அதன் பொருள் இதுதான். கை சிக்கியவளுக்கே கேள்வி வரவில்லை.

மேனேஜர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

“மேடம், இன்னொரு தடவை படிக்கலாமா?” என்று ரிப்போர்ட் அக்கா கேட்டாள்.

“ஏதாவது விட்டுப்போச்சா?” என்றார் அதிகாரி அம்மாள்.

“எதுவும் விடலைங்க. ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன். கடைசிப் பத்தியை முதல்ல படிக்கிறேன், அவ்வளவுதான்.”

“இது என்னம்மா புதுப் பழக்கம்?” என்று மேனேஜர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அதிகாரி அம்மாள் படிக்கச் சொன்னார்.

தடுப்புக் கம்பியின் சுருள்வில் தேய்ந்திருப்பதாக மெக்கானிக் முன்பே தெரிவித்திருந்தார். புதிய வில் வாங்குவது ஒத்திவைக்கப்பட்டிருந்தது. கம்பி துணிப்பட்டையால் கட்டப்பட்டிருந்தது. பணியாளர் இயந்திரத்தின் முன் நின்றிருந்தார். விரிப்பின் ஓரம் மடங்கியது. சரிசெய்யக் கையை உள்ளே நீட்டினார். கை சிக்கியது.

அதே வாக்கியங்கள்தான். இத்தனை வருடம் வராத கேள்வி இப்போது அதிகாரி அம்மாளிடமிருந்து வந்தது.

“கம்பியைக் கட்டினது யாரு?”

“அது கீழ அவங்களா பழகிக்கிட்டது மேடம்” என்றார் மேனேஜர்.

“நானும் கட்டியிருக்கேன் மேடம்” என்றாள் ரிப்போர்ட் அக்கா. “நான் கீழ இருந்தப்போ. சார் தினமும் காலையில வந்து, கம்பி தூங்கியாச்சான்னு கேட்பார். தூங்கலைன்னா ஏன் தூங்கலைன்னு கேட்பார்.”

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைத்தான் பார்த்தாள். அழகான கையெழுத்து.

நாத்தனாரின் வேலை போகவில்லை. கை ஆறியதும் துணி எண்ணும் இடத்தில் உட்கார வைப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். புது வில் வரும்வரை உருளையை ஓட்டக் கூடாது என்று அதிகாரி அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். வேண்டும் என்றால் எவ்வளவு சீக்கிரம் வாங்க முடிகிறது என்பதை மறுநாளே எல்லோரும் பார்த்தார்கள்.

விசாரணை முடிந்ததும் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனை திரும்பியதும் நாத்தனார் கேட்டாள்:

“முதல்லயே அப்படி எழுதியிருக்கலாமே அண்ணி?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

“எழுதியிருக்கலாம்” என்றாள் ரிப்போர்ட் அக்கா.

கதையை இத்தோடு முடித்தால் அவள் நல்லவளாகத் தெரிவாள். ஆனால் அலுவலக அலமாரியில் அவள் எழுதிய மற்ற அறிக்கைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பாட்டுக்காரியுடையது. உருளைச் சத்தத்தை மீறிப் பாடிக்கொண்டே வேலை செய்தவள், அதே கம்பி தூங்கிக்கொண்டிருந்தபோது கையைச் சுட்டுக்கொண்டு வேலையை இழந்தவள். ரிப்போர்ட் அக்கா விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

பாட்டுக்காரி இடது கையால் கதவைத் திறந்தாள். முகம் மலர, “வா வா, மாடிக்காரி இங்கெல்லாம் வருவாளா” என்றாள். நாற்காலியிலிருந்த துணிகளை இடது கையாலேயே அள்ளி எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். ரிப்போர்ட் அக்கா உட்காராமலே சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கம்பியைப் பற்றி, கடைசிப் பத்தியைப் பற்றி.

பாட்டுக்காரி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “விடு, அது என் தப்புதான். பாடிக்கிட்டே கவனமில்லாம நின்னேன். நீயே எழுதியிருந்தியே” என்றாள். “என் மகளும் இப்போ ஒரு ஃபேக்டரிக்குத்தான் போறா. தினமும் சொல்லித்தான் அனுப்புறேன், அம்மா மாதிரி அசட்டையா இருக்காதேன்னு. அவளும் வாயைத் திறக்கிறதில்ல, பாட்டுக்கீட்டு ஒண்ணும் கிடையாது.”

இல்லை, உன் தப்பு இல்லை என்று ரிப்போர்ட் அக்கா மறுபடி மறுபடி சொன்னாள். பாட்டுக்காரி அவளைச் சமாதானப்படுத்துவதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நம்பவில்லை. எழுதி முத்திரை குத்தியதை வாய்ப்பேச்சு அழித்துவிடாது. அதனால் ரிப்போர்ட் அக்கா அந்த அறிக்கையைக் காரணத்திலிருந்து தொடங்கித் திரும்ப எழுதி, கையெழுத்துப் போட்டு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவளை இப்போது மறுபடி மடிப்பு மேசைக்கே அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் வேலையிடத்திலும் ஒரு அலமாரி இருக்கும். அடுத்த முறை ஒரு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். பழுதாகியிருந்தது, ஒத்திவைக்கப்பட்டிருந்தது, கட்டப்பட்டிருந்தது என்று ஏதாவது கண்ணில் பட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். யார் கட்டியது, யார் கட்டச் சொன்னது என்று எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். அடிபட்டவர் அந்த அறையில் இருக்கும்போதே கேளுங்கள்.