பைப் உறைந்த வின்ரர்

நகரத்தின் கிழக்கு ஓரம், ரூஜ் பக்கம் நாங்கள் வீடு வாங்கிய முதல் வருடம். நவம்பரில் ஒரு பின்னேரம் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் எங்கள் வீட்டுப் பக்கச் சுவரைக் காட்டி, வெளித் தண்ணீரை நிறுத்தியாயிற்றா என்று கேட்டா. சுவரில் இருந்த பைப்பைப் பார்த்தேன். சொட்டுக்கூட ஒழுகாமல் இறுக்கிப் பூட்டித்தான் இருந்தது. "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன்.

அவ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தா. நின்று கேட்டிருக்கலாம். ஆனால் வேலைசெய்த தொழிற்சாலையில் காலையிலிருந்து நின்ற நிலையிலேயே பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு வந்திருந்தேன். இனிச் சமைக்க வேண்டும், மகளைக் குளிப்பாட்ட வேண்டும். அந்த நாட்களில் ஆங்கிலம் கேட்பதே எனக்கு இன்னொரு வேலை மாதிரி. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

என் கணவர் அப்போது நகரத்துக்கு மறுபுறம் மிசிசாகாவில் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார். வீடு வாங்கிய பிறகு அவர் அந்த வீட்டில் விழித்திருந்து நான் கண்டது குறைவு. அதனால் வீட்டுக்குள் என்ன எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாது.

பேஸ்மென்டில் ஒருவரைக் குடி வைத்திருந்தோம். மட்டக்களப்புப் பக்கம். ஐம்பதை நெருங்கிய மனிதர். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். ஒரு பேக்கரியில் விடிய முன்னம் தொடங்கி மத்தியானத்தோடு முடிகிற வேலை. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் நடக்கிற சத்தம்கூட மேலே கேட்காது.

அவர் வருவதற்கு முன், எங்களுக்கு முன்பே வீடு வாங்கிய ஒரு சொந்தக்காரர் சொன்னார்: "பேர்னஸ் அறையைப் பூட்டி வையுங்கோ. இல்லாட்டில் நினைச்ச நேரமெல்லாம் மெசினிலை உடுப்புத் தோய்ப்பினம்." பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் இருந்த அந்த அறைக்குள்தான் உடுப்புத் தோய்க்கும் மெசினும் இருந்தது. நான் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சனிக்கிழமைகளில் மட்டும் திறந்துவிடுவேன். திறப்பு என் கைப்பையில் கிடக்கும். அண்ணை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம், பக்கத்தில் இருந்த, என்னோடு வேலைசெய்யும் பிள்ளை கேட்டாள்: "அக்கா, உங்கட வெளிப் பைப்புக்கு ஏதும் சுத்தினனீங்களோ? சுத்தாட்டில் உறைஞ்சு வெடிச்சுப் போகும்."

"என்னத்தாலை சுத்துறது?"

"வீட்டிலை கிடக்கிற பழசு எதாலையும் சுத்துங்கோ. காத்துப் போகாமல் இருந்தால் காணும்."

அந்த ஞாயிறு சாமான்களைத் தேடி எடுத்தேன். கணவருடைய பெருவிரல் ஓட்டை விழுந்த கம்பளிச் சொக்ஸ் இரண்டு. மகளுக்கு அளவில்லாமல் போன, உடம்பு முழுக்க மூடும் ஸ்னோசூட். கழுவிக் காயவைத்துச் சேர்த்திருந்த பால் பைகள். ஒரு பெரிய சாம்பல் நிற ஒட்டுநாடா. ஸ்னோசூட்டின் ஒரு காலைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

பைப்பில் கோடையில் பூட்டிய ரப்பர் ஹோஸ் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றப் பார்த்தேன். திருகு இறுகிப்போயிருந்தது. கையுறையோடு பிடிக்க வழுக்கியது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடிக்க விரல் விறைத்தது. குறடு எங்கே இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். அவர் நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை. கிடக்கட்டும் என்று ஹோஸின் நுனியையும் சேர்த்துச் சொக்ஸைப் போட்டேன். அதற்கு மேல் ஸ்னோசூட் கால், அதற்கு மேல் பால் பைகள், பிறகு ஒட்டுநாடா தீரும் வரை சுற்று. மகள் யன்னலால் பார்த்துவிட்டு, "அம்மா, அது ஆருடைய கால்?" என்று கேட்டாள். எனக்கு ஒரு வேலை முடிந்த நிம்மதி.

ஜனவரியில் இரண்டு கிழமை விடாமல் கொடுங்குளிர். பஸ் தரிப்பில் நிற்கும்போது கண்ணிமை ஒட்டிக்கொள்ளும். பிறகு திடீரென்று ஒருநாள் குளிர் விட்டது. றோட்டோரம் ஸ்னோ கரைந்து ஓடியது. அன்றைக்குப் பின்னேரம் நாலு மணியளவில் வீட்டடிக்கு வந்தபோது பக்கக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அண்ணை சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தண்ணீரை ஸ்னோவில் ஊற்றிவிட்டுத் திரும்ப உள்ளே ஓடினார். பேக்கரி உடுப்புக்கூட மாற்றவில்லை. முழங்கால் வரை நனைந்திருந்தார்.

நான் பின்னால் இறங்கிப் போனேன். அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே சீலிங் ஊறி உடைந்து, தண்ணீர் கயிறு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. கார்ப்பெட்டில் கால் வைத்தபோது சப்பாத்துக்குள் குளிர் ஏறியது.

"எப்ப தொடங்கினது அண்ணை?"

"நான் ஒரு மணிக்கு வரக்குள்ளயே ஓடிக்கிட்டுத்தான் கிடந்தது."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாராம், ஆள் இல்லை. ரெலிபோன் மேலே எங்கள் பகுதியில். அந்தக் கதவும் பூட்டு. தண்ணீரை நிறுத்துகிற இடம் பேர்னஸ் அறைக்குள்தான் இருக்கும் என்று அவர் ஊகித்திருக்கிறார். அங்கேயும் பூட்டு. மூன்று மணித்தியாலமாகப் பானையால் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறார்.

கைப்பையிலிருந்து திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். உள்ளே போய்க் கண்ட திருகெல்லாம் திருகினேன். நிலத்தோடு இருந்த பெரியதொன்றை இறுக்கியபோதுதான் தண்ணீர் நின்றது.

"ஏன் அண்ணை, பூட்டை உடைச்சிருக்கலாமே?"

"அதெப்படித் தங்கச்சி. உங்கட வீடு. மறுகா என்ன நினைப்பீங்களோ எண்டு."

அவர் அதை ஒரு குத்தலும் இல்லாமல் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு அழுகை வந்து அதோடு முடிந்திருக்கும்.

கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ். அவர் வேலையால் வர முன்னமே அதற்குள் தண்ணீர் போய்விட்டது. திறந்தார். மேலே பிள்ளைகளுக்கு வாங்கிவைத்த இரண்டு குளிர்ச் சட்டைகள். கீழே பெரிய கவர் ஒன்றில் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், கல்யாணப் பதிவு, ஊரிலிருந்து வந்த கடிதங்கள். கடிதங்களின் நீல மை பத்திரங்களில் ஊறியிருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டில் சட்டத்தில் விரித்தார். நான் மேலே கொண்டுபோய்த் துவாய்க்குள் வைத்து அயர்ன் பண்ணினேன். தாள் காய்ந்தது. அரசாங்க முத்திரை இருந்த இடத்தில் நீலக் கறைதான் இருந்தது.

இரவு கணவர் வேலையால் வந்து, ஜக்கெற்றையும் கழற்றாமல் பேஸ்மென்ட் படியில் குந்தினார். பிறகு, "நாளைக்கு ஒரு வேலைக்கு லீவு சொல்லவேணும்," என்றார்.

அடுத்த நாள் வந்த பிளம்பர் ஒரு கயானாக்காரர். வெளியே போய் நான் சுற்றிய கட்டை அவிழ்த்தார். பால் பை, ஸ்னோசூட் கால், சொக்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக ஸ்னோவில் விழுந்தன. சிரிக்கவில்லை. கவனமாகச் சுற்றியிருக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னார். ஹோஸைக் கழற்றாததால் தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளேயே நின்று உறைந்து, சுவருக்கு உட்பக்கம் குழாயைப் பிளந்திருக்கிறது. உறைந்திருந்த மட்டும் தெரியவில்லை. இளகியதும் கொட்டிவிட்டது. பிறகு பேர்னஸ் அறைக்குள் கூட்டிப்போய், உத்தரத்தோடு ஒட்டியிருந்த சின்னத் திருகைக் காட்டினார். வின்ரருக்கு முன் இதைப் பூட்டி, ஹோஸைக் கழற்றி, வெளிப் பைப்பைத் திறந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் துணி சுற்றுவதெல்லாம். பக்கத்து வீட்டு மனுசி கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றைக்கே பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகும் அண்ணை சனிக்கிழமையில் மட்டும்தான் உடுப்புத் தோய்த்தார்.

பத்திரங்கள் செல்லாது என்று சட்டத்தரணியின் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து புதிதாக எடுப்பிக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் அவர் டோர்செட் பார்க்கில் ஊர்க்காரர் இரண்டு பேரோடு அப்பாட்மென்ட் ஒன்றுக்குப் போனார். அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போனார். மேலும் இரண்டு வின்ரர் கழிந்த பிறகு ரெலிபோன் எடுத்தார். "அவங்க வந்திட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க."

போனோம். மனைவி மெலிந்த மனுசி. வீட்டுக்குள் ஹீற்றர் போட்டிருந்தும் இரண்டு சுவெற்றர் போட்டிருந்தா. பெரிய பிள்ளை தகப்பனின் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. குசினியில் அவ கறி சூடாக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். வீட்டிலிருந்து வெளிக்கிட்டதிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பத்திரமெல்லாம் நனைஞ்சது என்ர பிழையாலைதான் அக்கா. பூட்டை நான்தான் போட்டனான்."

அவ கரண்டியை வைக்கவில்லை.

"தெரியும். கடிதத்தில எழுதியிருந்தாரு." கொஞ்சநேரம் கறியைக் கிண்டினா. "புதுப் பத்திரம் எடுக்க அரசாங்கக் கச்சேரிக்கு எட்டுத் தரம் போனன். போற வழியெல்லாம் ஆமிச் செக் பொயின்ற். ஒருக்கா சின்னவளையும் வெயிலுக்குள்ள அரை நாள் நிறுத்தி வெச்சிட்டாங்க."

மன்னிப்பு என்ற சொல்லை வாயில் வைத்திருந்தேன். அது அந்த அரை நாளுக்குப் போதாது என்று பட்டது.

"சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக் குடுங்க," என்றா அவ. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேருமாகச் சோறு போட்டோம். முன்னறைக்கு வந்து பார்த்தால், என் கணவர் சோபாவில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டார். அண்ணை பக்கத்தில் சத்தமில்லாமல் ரீவீ பார்த்துக்கொண்டிருந்தார். எழுப்பப் போன என்னைக் கையால் தடுத்தார்.

"விடுங்க தங்கச்சி. அவர் பிறகு சாப்பிடட்டும்."