தனியாக வைத்த கூடை

"ஜூலை. செவ்வாய். காலையில் மழை, பிறகு வெயில். மனைவியோடு தெற்கே கடலோர மீன் இறங்குதுறைக்குப் போனேன். ஏலத்தரையில் கிடந்த இறால் பொடிசு. அவள் அளந்த இறால் பெரிது. இரண்டும் ஒரே படகில் வந்தவை என்கிறார்கள். விசாரிக்க வேண்டும்."

என் டைரியில் உள்ள குறிப்பு இது. வங்கியின் தணிக்கைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கிழமை, வானிலை, போன இடம் மூன்றையும் எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. "விசாரிக்க வேண்டும்" என்பதும் அந்த வேலை தந்த பழக்கம்தான். யாரைப் பற்றி அதை எழுதிவிட்டாலும் அந்த ஆளை அப்புறம் பழையபடி பார்க்க முடியாது.

மனைவி ஒரு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. வங்கக் கடலில் இறால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, இப்போது பிடிக்கிற அளவுக்குத் தொடர்ந்து பிடித்தால் தாங்குமா என்று சொல்வது அவள் வேலை. பிறந்ததிலிருந்து ஒரு இறாலையும் வாயில் வைத்ததில்லை. எங்கள் இரு குடும்பங்களும் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கின்றன. லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்கியே காலத்தை ஓட்டியவர்கள்.

கடலில் இருக்கும் இறாலை எண்ண முடியாது என்பது எனக்கும் தெரியும். பின் எப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அவள் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. படகு எத்தனை மணி நேரம் வலை இழுத்தது, எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பார்கள். அதே நேரத்துக்கு வருஷா வருஷம் குறைவாகக் கிடைத்தால் கவலை. அதைவிட முக்கியம், இறாலின் நீளம். தரம் பிரிக்காத குவியலிலிருந்து, கண்ணுக்குப் பட்டதை எடுக்காமல், ஏதோ ஒரு கூடையை எடுக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொன்றையும் கண் குழிக்குப் பின்னாலிருந்து தலை ஓட்டின் முடிவுவரை அளக்க வேண்டும். ஆணா பெண்ணா, முட்டை முற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முற்றிய பெண் இறாலில் முதுகு ஓட்டின் அடியில் பச்சையாக ஒரு கோடு தெரியும். பெரியவை வர வர அருகிப்போனால், வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். சில கூடைகளை வைத்துக்கொண்டு மொத்தக் கடலுக்கும் கணக்குச் சொல்வது. தணிக்கையிலும் நாங்கள் அதைத்தான் செய்தோம். அங்கே எங்களுக்கு முதல் விதி ஒன்று உண்டு: எந்தக் கோப்பைப் பார்ப்பது என்பதை அந்தக் கிளை மேலாளர் தீர்மானிக்கக் கூடாது.

அவள் டிசம்பரில் ஓய்வு பெறுகிறாள். அதற்கு முன் கடைசி அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். மழைக்கு முந்தைய மீன்பிடித் தடைக்காலம் இப்போது இருப்பது போதுமா, நீட்டிக்க வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் பேசப்போகிறார்கள். அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. நிலையத்தின் ஆய்வுக் கப்பல் கடலில் வலை போட்டுப் பார்த்ததில் சின்ன இறாலாகவே வந்தது. துறையில் இவள் எடுத்த கூடைகளில் பெரியவை நிறைய. கப்பலை நம்பினால் ஆபத்து, துறையை நம்பினால் நிம்மதி. கப்பல் போன இடம் ஆழம் குறைவு, பெரியவை ஆழத்துக்குப் போய்விடும், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று அவள் ஒரு காரணம் எழுதி வைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கூடப் போனதற்குக் காரணம் அவள் முட்டி. வருஷத் தொடக்கத்திலிருந்து இடது முட்டியை மடக்க முடியவில்லை. அலுவலக வண்டியும் பழுதாகிக் கிடந்தது. வாடகைக் காரில் போய் இறங்கினோம்.

துறையின் ஏலக் கமிஷன்காரர் ஓடிவந்தார். ஐம்பது வயது, வெற்றிலைச் சிவப்பு வாய், கையில் இரண்டு போன். அவர் பேசியது வங்காளம். நான் தமிழில் எழுதுகிறேன்.

"வாங்க திதி! இவர்தான் ஜாமாய்பாபுவா? இத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருந்தீங்களே!"

திதி என்றால் அக்கா, ஜாமாய்பாபு என்றால் அக்காள் புருஷன். இவருக்கு நான் எப்போது அந்த முறை ஆனேன் என்று மனைவியைப் பார்த்தேன். "பாய் ஃபோன்டா அன்னிக்கு ஒருதடவ இங்க வேலை இருந்தது. இவருக்குக் கூடப்பிறந்தவா யாரும் இல்லையாம். நான்தான் சந்தனம் வெச்சேன்" என்றாள். காளி பூஜை முடிந்து சகோதரிகள் சகோதரர் நெற்றியில் இடது கைச் சுண்டு விரலால் பொட்டு வைக்கிற நாள் அது. இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

தகரக் கொட்டகைக்குள் அவளுக்காக ஒரு ஸ்டூல், பக்கத்தில் உயரமான பெட்டி, பெட்டி மேல் ஈரச் சாக்கு போட்டு மூடிய கூடை. எல்லாம் தயாராக இருந்தது. அவள் உட்கார்ந்து, நீளம் அளக்கும் காலிப்பரை எடுத்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. வெளியே ஏலத்தரைக்குப் போனேன். அங்கே குவிந்து கிடந்ததெல்லாம் விரல் நீளம்கூட இல்லை. எந்தப் படகு என்று கேட்டேன். சொன்னார்கள். உள்ளே வந்து இந்தக் கூடை எந்தப் படகு என்று கேட்டேன். கமிஷன்காரர் அதே படகைச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார்.

அளந்து முடித்த இறாலுக்கு அவள் ரசீது போட்டுப் பணம் கொடுத்தாள். முட்டை முற்றியவை ஆய்வகத்துக்கு, மிச்சம் வழக்கம்போல் எங்கள் கீழ்வீட்டுப் பௌதிக்கு. பௌதி என்றால் அண்ணி. தெருவில் எல்லோருக்குமே அவர் பௌதிதான்; அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணா. சாயங்காலம் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாருங்க தாதா, நான் கரியாஹாட் மார்க்கெட் முழுக்க அலைஞ்சாலும் இந்த சைஸ் கடல் இறால் கிடைக்கறதில்ல. ஒரு மதராஸி சாமியார் வீட்லேர்ந்துதான் வருது!"

அவர் மாடிப்படி இறங்கியதும் மனைவியிடம் சொன்னேன். "அந்தக் கூடை பொறுக்கி எடுத்து வெச்சது."

"ஆரம்பிச்சுட்டேளா?"

"படகுக்காராளுக்குத் தடை நீளக் கூடாது. இவர் படகுக்காராளோட ஆள். பெரிய இறாலா உன் கையில கொடுத்தா கடல் சௌக்கியம்னு நீ எழுதிடுவே."

"ஏன்னா, உங்களுக்கு யார் மேலதான் சந்தேகம் இல்லை? பால்காரன், கேஸ்காரன், ஆஸ்பத்திரி தராசு. முட்டி வலிக்கு முன்னாடி கூடையை நானேதான் எடுத்தேன், தெரியுமோ?"

"நீ எடுத்தே. அந்தக் கூடைகளை அங்க கொண்டு வந்து வெச்சது யாரு?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது, "அடுத்த தடவை போன் பண்ணாம போகலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வழக்கமாக அவள் போவது செவ்வாய். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை போனோம். கொட்டகையில் ஸ்டூல் இருந்தது, கூடை இல்லை. கமிஷன்காரர் எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"திதி! இன்னிக்கா? ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? இன்னிக்கு ஒண்ணுமே எடுத்து வைக்கலையே!"

எடுத்து வைக்கவில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் நான் வந்திருந்தேன். ஆனால் அதை இவ்வளவு சத்தமாக, எல்லோர் முன்னாலும் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

மனைவி தரையிலேயே உட்கார்ந்தாள். முட்டியை நீட்டிக்கொண்டு, குவியலின் ஓரத்திலிருந்து ஒரு கூடையை இழுத்தாள். அவர் பதறிப்போனார். "அதைத் தொடாதீங்க. பொடி அது! அளந்து டில்லிக்கு அனுப்புவீங்க. நம்ம துறை மானம் என்ன ஆகும்?"

"தம்பி, மத்த நாள்ல என் கூடை எங்கேர்ந்து வருது?"

"எல்லாப் படகுலேர்ந்தும் நல்லதா பொறுக்கி வைப்பேன். என் நெத்தியில சந்தனம் வெச்சவங்க கையில குப்பையைக் கொடுப்பேனா? நீங்க என்ன நினைச்சீங்க என்னைப் பத்தி?"

அவர் அவளுடைய அளவுகளை ஏதோ கண்காட்சிப் போட்டி மாதிரி நினைத்திருக்கிறார். பெரியதைக் கொடுத்தால் துறைக்கு நல்ல பெயர், அக்காளுக்கும் மரியாதை. அப்படித்தான் சொன்னார். முகம் சிவந்து, கண் கலங்கிக்கூடப் போயிற்று. எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மறு பாதி, அவர் பின்னால் நின்றிருந்த இரண்டு படகு முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில் போய்விட்டது.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று மனைவி கேட்டாள். கையில் காலிப்பர் திறந்தபடியே இருந்தது.

"உங்க முட்டி வலிக்கு அப்புறம்தான். இந்த வருஷம்தான். அதுக்கு முன்னாடி நீங்களேதானே எடுப்பீங்க."

"சத்தியமா?"

"தம்பிகிட்ட சத்தியம் கேக்கறீங்களே திதி."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கூடையை முழுக்க அளந்து முடித்தாள். பச்சைக் கோடு போட்டது அபூர்வமாகத்தான் இருந்தது. திரும்பும்போது பௌதிக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.

அவர் சொன்ன தேதி சரியென்றால் இழப்பு சிறிது. இந்த வருஷத்துக் கூடைகளைத் தள்ளிவிட்டு முந்தைய வருஷங்களை வைத்து அறிக்கை எழுதலாம். தேதி தப்பென்றால், அந்தத் துறையில் அவள் வெயிலில் உட்கார்ந்து அளந்த வருஷங்கள் எல்லாமே போகும். அவளுக்குப் பிறகு வருகிறவர்களும் அந்த எண்களின் மேல்தான் கணக்குப் போடுவார்கள்.

"தேதி உங்க விஷயம். பாருங்கோ" என்றாள் ஒருநாள். தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

முட்டி வலிக்கு முன்னால் துறையில் எடுத்த படம் ஏதாவது இருக்குமா என்று தேடி, பாய் ஃபோன்டா படத்தை எடுத்தேன். கமிஷன்காரர் பனியனுக்கு மேல் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டிருக்கிறார். மனைவி குனிந்து சுண்டு விரலை அவர் நெற்றியில் வைத்திருக்கிறாள். இரண்டு முட்டியும் நன்றாக மடங்கியிருக்கின்றன. வலி வருவதற்கு முந்தைய வருஷத்து ஐப்பசி மாதப் படம் அது. படத்தை விரலால் பெரிதாக்கினேன். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெட்டி. பெட்டி மேல் ஈரச் சாக்கு போட்டு மூடிய ஒரு கூடை.

அடுப்படிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"நண்டா இருக்கலாம். ஐஸா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அன்னிக்கு நான் எடுத்த கூடை எது?"

"அது உனக்குத்தான் தெரியணும்."

"நேர் எதிர்ல, தரைக் குவியல்லேர்ந்துதான் எடுத்த ஞாபகம்" என்றாள். போனை என்னிடம் நீட்டி, "ஞாபகம்தான்" என்றாள். குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்தாள்.

அறிக்கையை நவம்பர் தொடக்கத்தில் கொடுத்தாள். அந்தத் துறையின் நீள அளவுகளில் ஒரு வருஷத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற துறைகளையும் ஆய்வுக் கப்பலின் வலையையும் மட்டும் வைத்து எழுதினாள். கப்பல் ஆழம் குறைந்த இடத்துக்குப் போனது என்ற பழைய காரணத்தையும் அடித்துவிட்டாள். பெரியவை குறைந்து வருகின்றன, தடைக்காலத்தை நீட்டிப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது முடிவு. அந்த வருஷம் பாய் ஃபோன்டா அன்று கமிஷன்காரர் போன் செய்தார். சந்தனம் எப்போது என்று கேட்டார். அறிக்கை பற்றி அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவள் போனாள். நான் போகவில்லை.

அறிக்கையின் அடிக்குறிப்பில் அவள் எழுதியதை இங்கே என் வார்த்தைகளில் குறித்து வைக்கிறேன்: அந்தத் துறையில் கூடைகள் பொறுக்கி வைக்கப்பட்டது உண்மை, எப்போதிலிருந்து என்பது உறுதி செய்யப்படவில்லை. அதோடு நான் சேர்ப்பது ஒன்றுதான். படத்தில் இருக்கும் கூடைக்குள் இறால் இருந்ததா, நண்டா, வெறும் ஐஸா என்பதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.