உறையூரில் இருபது நாள்

என் அப்பா காளிமுத்துவுக்குத் தெரியாத பாதை கிடையாது. வத்தேகமவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டிகளை லொறியில் கண்டி ஸ்டேசனுக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலை. எவ்வளவு பனிமூட்டமானாலும் அசரமாட்டார். ஆனால் முடிவெடுக்கச் சொன்னால் மனுசன் தொலைந்தார். தீபாவளிக்குச் சட்டை எடுக்கக் கண்டிக்குப் போவார், நீலமா பழுப்பா என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்துவார், கடைசியில் வெறுங்கையோடு வந்து நிற்பார். அம்மா ராக்கம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மனுசனின் பேச்சை நம்பித்தான் என் அத்தை பாலம்மா குடும்பத்தோடு கப்பலேறினாள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போது எங்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. இந்தியாவா சிலோனா, ஒன்றுக்கு எழுதிக் கொடுங்கள் என்று விண்ணப்பப் பாரங்கள் வந்திருந்தன. அறுபத்தெட்டாம் வருசம். அப்பா வழக்கம்போலக் குழம்பினார். "நேர்ல பாத்துட்டு வந்து எழுதுறேன்" என்று சொல்லி, எப்படியோ ஒரு பயணப் பத்திரம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தாத்தாவின் ஊர் துறையூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. அங்கே போனால் ஒருவருக்கும் இவரைத் தெரியவில்லை. மறுநாளே திருச்சிக்குத் திரும்பிவிட்டார். வத்தேகமவில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளியின் குடும்பம் உறையூரில் ஒரு தெருவில் இருந்தது. அவர்களுக்கென்று முதலாளி கொடுத்துவிட்ட இரண்டு றாத்தல் தேயிலையும் கிராம்பும் அப்பாவின் பெட்டியில் இருந்தன. கொடுத்துவிட்டு வரத்தான் போனார். இருபது நாள் தங்கிவிட்டார்.

திரும்பி வந்த அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். சுற்றிலும் கூட்டம்.

"தெரு முனையில நின்னா மலைக்கோட்டை தெரியும். சாயங்காலம் வாசல்ல தண்ணி தெளிச்சு, கட்டிலத் தூக்கி வெளிய போட்டுருவாங்க. பஸ்ஸுல போர்டு தமிழு, தபால் கந்தோர்ல பாரம் தமிழு. ரோட்ட மாறிக் கடந்துட்டேன், பொலிஸ்காரன் புடிச்சு ஏசுனான் பாருங்க, அதுவும் தமிழு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கண்டிக் கச்சேரி அலுவலகத்தில் சிங்களப் பாரத்தை வைத்துக்கொண்டு, எழுதித் தர ஆள் தேடிக் கெஞ்சிக்கொண்டிருந்த அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். ஏச்சு வாங்கியதில் அவருக்கு ஏன் அவ்வளவு சந்தோசம் என்று எனக்குப் புரிந்தது.

"ஒவ்வொரு வீட்டுலயும் கூப்புட்டுக் காப்பி குடுப்பாங்க. எப்ப ஊருக்குத் திரும்புறீங்க, எப்ப ஊருக்குத் திரும்புறீங்கன்னு தினமும் கேப்பாங்க. அனுப்ப மனசே இல்ல அவங்களுக்கு."

பாலம்மா அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. "அண்ணே, அந்தத் தெருவுல எங்களுக்கு ஒரு வீடு கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"ஏன் கெடைக்காது?" என்றார் அப்பா.

அந்த வாரமே அத்தையும் மாமா வீரய்யாவும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் நாலு குடும்பம் அப்படியே செய்தது. எழுதாமல் இருந்தது அப்பா ஒருவர்தான். பாரம் அலுமாரிக்குள் மாதக்கணக்காகக் கிடந்தது. எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார்.

ஒரு நாள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தெருவுல யாராச்சும் ஒங்களுக்கு என்னா தொழில் தெரியும்னு கேட்டாங்களா?"

"இல்ல."

"வாடகைக்கு வீடு இருக்கான்னு நீங்களாச்சும் கேட்டீங்களா?"

"இல்ல."

அம்மா அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள். கடைசி நாளன்று அப்பா சிலோனுக்கு எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகாவது, தான் சிலோனுக்கு எழுதியதையும் அந்தத் தெருவில் வீடு விசாரிக்கவே இல்லை என்பதையும் அத்தையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனார், இரண்டு தடவை. அத்தை வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் போய்ச் சொல்லவா?" என்று கேட்டேன். "அங்க நல்லாருந்தது உண்மைதானேம்மா. நான் என்னான்னு போய்ச் சொல்ல?" என்றார்.

அத்தைக்கு எழுபத்து மூன்றில் பயண நாள் வந்தது. கண்டி ஸ்டேசனில் நிற்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் கட்டிப்பிடித்து அழுகை. அத்தை மட்டும் அழவில்லை. கைப்பையைத் திறந்து அப்பாவிடம் காட்டினாள். இரண்டு றாத்தல் தேயிலை.

"அந்தத் தெருக்காரங்களுக்கு. நீங்க எப்பண்ணே வருவீங்க?"

இப்போது சொல்லிவிடுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ முன்ன போ. நான் பின்னாலயே வந்துர்றேன்" என்றார்.

கோச்சி வண்டி நகர்ந்தது. அது பொய்யா என்று அப்பாவுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் மங்கலாகியிருந்ததால் நான்தான் படித்தேன். அத்தை குடும்பத்தை நீலகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 'இங்கயும் கொழுந்துதான் எடுக்குறோம். குளிர்தான் கூட' என்று எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தில் இது இருந்தது:

'அண்ணே, போன மாசம் ஒங்க மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் திருச்சிக்குப் போய் அந்தத் தெருவப் பாத்துட்டு வந்தேன். நீங்க சொன்னதுல ஒண்ணும் கொறையில்ல. மலைக்கோட்டை தெரியுது. வாசல்ல தண்ணி தெளிச்சிருந்தாங்க. தேயிலையக் குடுத்தேன், ரொம்ப சந்தோசப்பட்டாங்க, காப்பி குடுத்தாங்க. எப்ப ஊருக்குத் திரும்புறீங்கன்னு கேட்டாங்க. எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல.'

அப்பா மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். கடிதத்தை வாங்கி மடித்தார், திரும்பவும் பிரித்தார்.

"என்னையும் இதேதான் கேட்டாங்க. தினமும் கேட்டாங்க" என்றார்.

கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குச் சொல்ல ஒரு தேதி இருந்துச்சு."