மச்சினன் கண்ட கருநாரை

நூறு வருடத்துக்கும் மேல் பழமையான அந்தப் பறவைகள் சரணாலயத்தில் அவர் பதினெட்டு வருடமாகக் காவலர். காலையில் கண்காணிப்புக் கோபுரம், மதியத்துக்கு மேல் ஏரிக்கரை அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் பண்ணி வைத்த கருநாரை ஒன்று நிற்கும். உயிரோடு ஒன்றையாவது பார்த்துவிட வேண்டுமென்று ஒவ்வொரு குளிர்காலமும் கழுத்து வலிக்கக் காத்திருந்தார். வந்தபாடில்லை.

மனைவியின் தம்பி செருப்புக்கடை வைத்திருப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றிப் பார்க்க வந்தான். அவனைக் கோபுரத்தில் உட்காரவைத்துவிட்டு இவர் தண்ணீர் எடுத்துவரக் கீழே இறங்கினார். திரும்பி ஏறியபோது மச்சினன் செல்போனை நீட்டினான்.

"மாமா, இது என்ன கொக்கா? மூக்கு செவசெவன்னு இருக்கு."

கருநாரையேதான். அது பறந்துபோன வெறும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்ற இவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

சரணாலய அதிகாரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அருங்காட்சியகத்தில் மாட்டும் வேலையையும் இவர் தலையிலேயே கட்டினார். இவர் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்தார். நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் கதவு அது. யாராவது அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், யாரோ வந்தவர் எடுத்தது என்பார். வீட்டில் மச்சினன் பேச்சு வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போய்விடுவார்.

தம்பி எடுத்த படத்தைப் பார்க்க மனைவி ஆசை ஆசையாக வந்தாள். இரண்டு சுற்று சுற்றியும் கண்ணில் படவில்லை. கடைசியில் கதவை இழுத்துப் பார்த்தாள்.

"சுவர்ல வேற இடமே இல்லையா?"

"வெளிச்சம் பட்டா படம் மங்கிடும்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தே சொன்னார். "எனக்குப் பொறுக்கலை. நான் பதினெட்டு வருஷமா உக்காந்திருக்கேன். அவன் கால் மணி நேரம் உக்காந்தான். கொக்கான்னு வேற கேக்கறான்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. கணவர் தலை நிமிராததைப் பார்த்து அடக்கிக்கொண்டு, சுத்தியலை எடுக்கச் சொன்னாள். அவள் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படம் ஏறியது. கீழே ஒட்டும் சீட்டில் பறவையின் பெயரை அழகாக எழுதினார். எடுத்தவன் பெயரைப் பொடி எழுத்தில் எழுதினார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

அந்த வாரமே மச்சினன் போன் செய்து, மறுபடி வரட்டுமா என்று கேட்டான். பராமரிப்பு வேலை நடக்கிறது, ஒரு மாதம் மூடியிருக்கும் என்று இவர் கூசாமல் சொன்னார். போனை வைத்துவிட்டு நேரே கோபுரத்தில் ஏறினார்.