ஜீன்ஸ் மேடமும் அறுபத்திரண்டு மழைக்கோட்டும்

ஜீன்ஸ் போட்ட பெண்மணி எஸ்டேட்டுக்குள் நின்றால் அவர் டூரிஸ்ட். கேமரா இல்லாமல் நின்றால் ஆபீசர். இதை நான் இருபத்தாறு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன்... போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி வரைக்கும்.

சிரிக்காதீர்கள். பந்தலூர்ப் பக்கத்து மழையில் ஃபீல்டு சூப்பர்வைசருக்கு ஆள் முகமா தெரியும்? உடைதான் தெரியும். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் உரச்சாக்கு, தலையில் பிளாஸ்டிக் தாள் என்றால் கொழுந்து பறிப்பவர். சுடிதார் என்றால் டீச்சர். மூடுபனிக்குள் வெள்ளை அங்கி மட்டும் தனியாக மிதந்து வந்தால் சர்ச் பங்குச்சாமி. இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்த வாரம் ஏற்கெனவே நான் பயந்து போயிருந்தேன். மேனேஜர் போன் செய்திருந்தார். "சர்டிஃபிகேட் கம்பெனியில இருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும். சொல்லாம வரும். சும்மா நின்னு பாக்கும். ஜாக்கிரதை." அந்த சர்டிஃபிகேட் போனால் எங்கள் தேயிலைத் தூளை வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். எனக்கும் வேலை இருக்காது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஸ்டோரில் போன வருடமே வந்திறங்கிய மழைக்கோட்டுகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஆடிட் அன்றைக்குக் கொடுக்கலாம், முன்னாலேயே கொடுத்தால் கிழித்துவிடுவார்கள் என்பது மேனேஜரின் யோசனை. தலையாட்டியவன் நான். மழைக்கோட்டு பத்திரமாக இருந்தது. பெண்கள் நனைந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை. காலையில் எல்லோரும் வந்து பெயர் கொடுக்கும் பெரட்டுக் கொட்டகை. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. ஒதுக்குப்புறமாக ஒரு பெண்மணி. நீல ஜீன்ஸ், வெள்ளை ஷூ, கறுப்பு ஜாக்கெட், தொப்பி, மூக்குவரை மாஸ்க். சும்மா நிற்கிறார். பெண்களின் தலையில் இருந்த பிளாஸ்டிக் தாளையே பார்க்கிறார்.

வந்தாச்சு!

"குட் மார்னிங் மேடம்!" என்று ஓடினேன். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு, "குட் மார்னிங் சார்" என்றார். என் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். நுனியில் உட்கார்ந்தார். படித்தவர்களுக்குத்தான் எவ்வளவு எளிமை! பிஸ்கட் தட்டை நீட்டினேன். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு ஜாக்கெட் பைக்குள் வைத்தார். சாட்சிக்காக எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி.

"மழைக்கோட்டெல்லாம் வந்துருச்சுன்னாங்களே... இன்னும் குடுக்கலீங்களா?"

"இன்னிக்குத்தான் மேடம்! இதோ, இப்பத்தான்!"

ஸ்டோர் கீப்பர் அந்தோணியைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டேன்.

"மேனேஜரைக் கேக்காமயா?" என்றான்.

"அங்க உக்காந்திருக்கிறது யாருன்னு பாத்தியா?"

அந்தோணி எட்டிப் பார்த்தான். ஷூவைப் பார்த்ததும் சாவியை எடுத்துவிட்டான்.

பத்தே நிமிடம். கட்டுகள் பிரிந்தன. பெண்கள் வரிசையில் நின்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். "என்னங்க சார், தீபாவளி இந்தத் தடவ ஆடியிலயே வந்துருச்சா?" என்று ஒரு குரல். "பேசாம வாங்குடி, மனசு மாறிடப் போறாரு" என்று இன்னொரு குரல். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மேடம் பார்க்கிறாரே!

அறுபத்தோரு பேர் வாங்கிப் போனார்கள். அறுபத்திரண்டாவதாக வரிசையில் வந்து நின்றது... மேடம்.

"மேடம், நீங்க எதுக்கு..."

மாஸ்க்கை இறக்கினார். "சார், நான் மரகதம். மூணாம் லயத்துல வீடு. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேனே? நேத்துத்தான் ஊடு திரும்புனேன். பேரு எழுதிக்குவீங்கன்னுதான் காலைல இருந்து நிக்கிறேன்."

அந்தோணி என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

"மேடம் மேடம்னு கூப்பிட்டேனே... சொல்லக் கூடாதா?"

"திருப்பூர்ல எல்லாரையும் மேடம்னுதாங்க சார் கூப்பிடுவாங்க. இங்கயும் மாறிருச்சு போலன்னு நெனச்சேன்."



"அது சரி, இந்த ஜீன்ஸ் எதுக்கு?"

"மக போட்டுக் கழிச்சதுங்க. கால்ல அட்டை ஏறாதுங்க சார். ஒரு நாள் நீங்க புடவையக் கட்டிக்கிட்டு ஏழாம் நம்பர் மலையில எறங்கிப் பாருங்க, தெரியும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் லயத்தில் நைட்டியோடு கடைக்குப் போனதற்கே பஞ்சாயத்து நடந்தது. பிறகு சுடிதார் சர்ச் பூசைக்கு வந்தது. புடவைக்குள் லெக்கின்ஸ் வந்தது. இன்றைக்கு ரோட்டோரம் கூடையை முதுகில் மாட்டி, வாடகைப் புடவையில், கொழுந்து பறிக்கிற மாதிரி ரீல்ஸ் எடுப்பவர் டூரிஸ்ட். நிஜமாகப் பறிப்பவர் ஜீன்ஸில் நிற்கிறார். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றிருக்கிறேன்.

உடையை விடுங்கள். மரகதம் கேட்ட அதே கேள்வியை ஆறு மாதமாக எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள்? "எழுதிப் போட்டிருக்கேன்" என்பேன். சாக்குக் கட்டிக் கேட்டவர்களுக்கு ஆறு மாதமாகக் கிடைக்காத பதில், ஜீன்ஸுக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

கோட்டுகளைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு நப்பாசை. ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினேன். சரிவு முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கோட்டுகள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், எண்ணிப் பாக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்ல, அளவு சரியா இருக்கான்னு..." என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் மேனேஜர் போன். "கோட்டு குடுத்துட்டியாமே? யாருய்யா வந்தது?"

"மரகதம் வந்தாங்க சார்" என்றேன்.

அந்த வாரம் ஆடிட்டுக்கு யாரும் வரவில்லை. அன்றிலிருந்து ஏழு நாளும் மழை பெய்தது. யாரும் நனையவில்லை.