காது வலிக்குப் போட்ட சங்கிலி

அப்பாவுக்கு ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுகிற இடம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த நாற்றம் அவர் பின்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் எது நாறினாலும் பழி அவர் மேல்தான்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு காதில் விட்டு விட்டுச் சீழ் வடிந்தது. சளிதான் என்று அம்மா பஞ்சை வைத்தாள். வீடு நாறியதற்கு அப்பாவை மறுபடியும் குளிக்கத் துரத்தினாள்.

"இன்னும் எத்தினி தடவ குளிக்கிறது? என் தோலும் உரிஞ்சிடும் போல" என்றார் அப்பா.

பிறகு காய்ச்சல் அடித்துக் காதோரம் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்று அம்மா முடிவு கட்டினாள். அதற்குக் கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்பது ஊர் வழக்கம். தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். உடம்பு கொதித்தாலும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு காது மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. சங்கிலி போட்டால் அப்படித்தான் ஆகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டாவிலிருந்து பெரிய மாமா வந்தார். தோல் நாற்றத்துக்குப் பழகாத மூக்கு அவருக்கு. என்னை மடியில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இது மச்சான் மேல வர்ற நாத்தம் இல்லம்மா. புள்ள காதுலேர்ந்து வருது."

உடனே வேலூருக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதுக்குப் பின்னால் விரல் வைத்ததுமே வீறிட்டேன்.

"பொன்னுக்கு வீங்கின்னா தாடைகிட்ட வீங்கும். இவளுக்குக் காதுக்குப் பின்னாடி எலும்புல சீழ் புடிச்சிருக்கு. விட்டா மூளைக்குப் போய்டும். ஆபரேஷன் பண்ணணும்" என்றார்.

நர்ஸ் சங்கிலியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "உங்களப் போயி குளி குளின்னு தொரத்தினேனே" என்று அப்பாவைப் பார்த்து அழுதாள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நோவு காதில். சங்கிலி போட்டது கழுத்தில், ஊசி குத்தியது கையில், பிறகு கட்டுப் போட்டது தலையில். இதில் அப்பா குளித்த கதை எங்கே வந்தது?

ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏறி, காது பழைய இடத்துக்குத் திரும்பியது. சங்கிலிதான் என் கழுத்துக்குத் திரும்பி வரவில்லை. அது எனக்குப் பெரிய குறை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என் தலையை இழுத்து, அந்தக் காதோரம் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தினமும் முத்தம் எனக்குத்தான், என்மேல்தான் ஆசை அதிகம் என்று தம்பியிடம் பீற்றிக்கொள்வேன்.

போன வருஷம் என் மகள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை இழுத்து அணைத்தபோது என் மூக்கு தானாக அவள் காதுக்குப் போனது. அம்மா அத்தனை நாளும் முத்தம் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.